கை கற்கும் வரிசை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலை ஒட்டி விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பரப்பு ஆந்திரத்திலும், தென்கோடிப் பகுதி தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. மீனுக்கும் இறாலுக்கும் பூநாரைகளுக்கும் பெயர்பெற்ற இந்த ஏரிக்கரைக்கு, அதிகம் பேசப்படாத இன்னொரு செல்வமும் உண்டு. எழுத்துதான் அது.

தென்கரைக் குப்பங்களில் தமிழ் எழுதப்படுகிறது. வடக்கே செல்லச் செல்லத் தெலுங்கு. பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்கள், தமிழை அரபு வரிவடிவில் எழுதும் அரபுத் தமிழ் மரபைத் தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கின்றன. 1613-ஆம் ஆண்டு இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் தங்கள் கல்லறைகளில் உரோமன் எழுத்துகளைப் பொறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, டச்சு ஆகியவற்றை எழுதும் கை இடமிருந்து வலமாக நகர்கிறது. அரபுத் தமிழ் எழுதும் கையோ வலமிருந்து இடமாக வருகிறது. ஒரே ஏரியின் கரையில் கை நகரும் வழிகள் இத்தனை.

எழுதி முடிக்கப்பட்ட எழுத்து, தான் எந்த வழியாக எழுதப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. எங்கே தொடங்கினார்கள், எந்தக் கோட்டை முதலில் இழுத்தார்கள், எங்கே கையைத் தூக்கினார்கள் என்பவையெல்லாம் எழுத்து முடிந்ததுமே மறைந்துவிடுகின்றன. எழுதுகின்ற ஒருவரின் அருகில் இருந்து பார்ப்பவருக்கு மட்டுமே அவை தெரியும். அதனால்தான் எழுத்தின் வடிவத்தைப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளும் அளவுக்கு, எழுதும் வரிசையை எளிதாகக் கற்றுக்கொள்ள முடிவதில்லை. அது கையிலிருந்து கைக்குப் போக வேண்டிய அறிவு.

இந்த வரிசையை உலகிலேயே மிகக் கறாராக வகுத்துக்கொண்ட எழுத்து சீன எழுத்து. அதனைப் பார்ப்பது நம் வகுப்பறைகளுக்கும் பயன்படும்.

சீன எழுத்து நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. சீனாவின் சுவான்ஜோ துறைமுக நகரில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு சிவாலயம் இருந்ததை அது சொல்கிறது. அதன் இறுதியில் ஒரு வரி சீன எழுத்தில் உள்ளது. இலங்கையின் காலி நகரில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றிலும் பொறிக்கப்பட்டது. 1409-ஆம் ஆண்டு நாளிட்ட அந்தக் கல், சீனாவில் தயாராகி, கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பலில் வந்தது. அதாவது சீன மண்ணில் யாரோ ஒரு கல்தச்சர் உளிகொண்டு தமிழ் எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்.

கல்லில் செதுக்குபவருக்கு வரிசை தேவையில்லை. கல்லின்மேல் வரைந்து கொடுத்த வடிவத்தை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டினாலும் முடிவு ஒன்றே. ஆனால் நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுத வேண்டியவரின் நிலைமை வேறு. அவருடைய கை யோசிக்காமல் ஓட வேண்டும். யோசிக்காமல் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் ஓட வேண்டும்.

சீனத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சொல்லையோ சொல்லின் ஒரு பகுதியையோ குறிக்கிறது. தொடக்கப் பள்ளியை முடிக்கும் குழந்தை ஏறத்தாழ 3,000 எழுத்துகளை அடையாளம் காணவும், 2,500 எழுத்துகளை எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுப் பாடத்திட்டத்தின் இலக்கு. ஒவ்வோர் எழுத்தும் கீற்றுகளால் ஆனது. எழுதுகோலைத் தாளில் வைத்து, மீண்டும் தூக்குவதற்குள் இழுக்கப்படும் ஒரு கோடே ஒரு கீற்று. படுக்கைக் கோடு, நெடுங்கோடு, இடப்புறம் சாய்ந்து இறங்கும் கோடு, புள்ளி, மடங்கித் திரும்பும் கோடு எனக் கீற்றுகளை ஐந்து வகையாகத் தொகுக்கிறார்கள். இந்தக் கீற்றுகளை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதற்குச் சீன மொழியில் 'பீஷுன்' என்று பெயர்.

விதிகள் சிலவே. மேலிருந்து கீழ்; இடமிருந்து வலம். மூன்று என்ற எண்ணைக் குறிக்கும் எழுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று படுக்கைக் கோடுகள். மேலுள்ளதை முதலில் எழுத வேண்டும். ஆற்றைக் குறிக்கும் எழுத்து, பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று கோடுகள்; இடப்புறத்தில் உள்ளதை முதலில் எழுத வேண்டும். கோடுகள் குறுக்கிட்டால் படுக்கைக் கோடு முந்தும், நெடுங்கோடு பிந்தும். பத்தைக் குறிக்கும் கூட்டல் குறி போன்ற எழுத்து அவ்வாறே எழுதப்படுகிறது. நடுவில் ஒரு கோடும் இருபுறமும் சிறு கீற்றுகளும் இருந்தால் நடுக்கோடு முதலில் வரும். ஓர் எழுத்தைச் சுற்றி மதில்போலக் கட்டம் இருந்தால், கட்டத்தின் பக்கங்களையும் மேற்புறத்தையும் எழுதி, உள்ளே உள்ளதை எழுதி, அடிக்கோட்டை இறுதியில் போட்டு மூட வேண்டும். "வீட்டுக்குள் போன பிறகு கதவைச் சாத்து" என்று சீன ஆசிரியர்கள் இதைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

பழவேற்காட்டுக்குப் பொருத்தமான ஓர் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். மீனைக் குறிக்கும் சீன எழுத்தின் மரபு வடிவம் 11 கீற்றுகள் கொண்டது. முதலில் தலை, கொக்கிபோல் வளையும் இரண்டு கீற்றுகள். அடுத்து உடல், நான்காகப் பிரிக்கப்பட்ட ஒரு கட்டம், 5 கீற்றுகள். இடப்பக்கக் கோட்டை முதலில் இறக்கி, மேற்புறத்தையும் வலப்புறத்தையும் கையைத் தூக்காமல் ஒரே கீற்றாக மடக்கி, உள்ளே குறுக்குக் கோடுகளை இட்டு, அடியில் மூட வேண்டும். கடைசியில் வால், இடமிருந்து வலமாக நான்கு புள்ளிகள். மக்கள் சீனத்தின் எளிய வடிவத்தில் இந்த நான்கு புள்ளிகளும் ஒரே படுக்கைக் கோடாகச் சுருங்கி, எழுத்து 8 கீற்றுகளாகிவிட்டது. மீன்பிடித் தொழிலைக் குறிக்க, இதே எழுத்தின் இடப்புறத்தில் நீரைக் குறிக்கும் மூன்று சிறு கீற்றுகளைச் சேர்க்கிறார்கள். இடமிருந்து வலம் என்ற விதியின்படி நீரை முதலில் எழுதிவிட்டுத்தான் மீனை எழுத வேண்டும்.

இந்த விதிகளுக்குக் காரணம் கருவியில் இருக்கிறது. சீனர்கள் பல நூற்றாண்டுகள் ஈர மையும் தூரிகையும் கொண்டு எழுதியவர்கள். வலக்கையில் தூரிகையைப் பிடித்தவர் மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் எழுதினால், எழுதிய கீற்றின்மேல் கை படாது. கட்டத்துக்குள் எழுத்து சாயாமல் நிற்கும். ஒரு கீற்று முடியும் இடம் அடுத்த கீற்று தொடங்கும் இடத்துக்கு அருகில் அமைந்தால் விரைவும் கூடும். விரைந்து எழுதும்போது கீற்றுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். அப்படி இணைந்த எழுத்தைப் பிறர் படிக்க முடிவது, எழுதியவரின் கையும் படிப்பவரின் கையும் ஏறத்தாழ ஒரே வழியைக் கற்றிருப்பதால்தான். ஒருவர் தமக்குத் தோன்றிய வரிசையில் நிதானமாக எழுதினால் வடிவம் சரியாகவே இருக்கக்கூடும். வேகம் கூடியதும் அது பிறரால் படிக்க முடியாத கிறுக்கலாகிவிடும்.

கீற்றுகளின் எண்ணிக்கையும் வரிசையும் சீனர்களின் பொதுவாழ்விலும் பயன்படுகின்றன. நமக்கு அகரவரிசை எப்படியோ, அவர்களுக்குக் கீற்று வரிசை அப்படி. அகராதியில் ஓர் எழுத்தைத் தேடக் கீற்றுகளை எண்ணத் தெரிய வேண்டும். வாயைக் குறிக்கும் சதுர எழுத்தைப் பார்க்கும் நாம் 4 கோடுகள் என்போம். மேற்புறமும் வலப்புறமும் ஒரே கீற்று என்று கற்றவருக்கே அது 3 கீற்றுகள் என்று தெரியும். 2008-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில், மரபுப்படி முதலில் வந்த கிரேக்கத்துக்கு அடுத்தபடியாக ஆப்பிரிக்க நாடான கினி அணிவகுத்து வந்ததைப் பார்த்துப் பலரும் வியந்தனர். சீனத்தில் அந்நாட்டுப் பெயரின் முதல் எழுத்து இரண்டே கீற்றுகளால் ஆனது. நாடுகள் கீற்று எண்ணிக்கைப்படி வந்தன. எண்ணிக்கை சமமாக இருக்கும் இடங்களில், முதல் கீற்று எந்த வகை என்பதைப் பார்த்து வரிசைப்படுத்துவதே சீன வழக்கம்.

இத்தனை பயன்பாடு இருப்பதால், வரிசையை ஆசிரியர்களின் பழக்கத்துக்கே விட்டுவிடாமல் அரசு வரையறுத்தது. 1997-இல் சீனா 7,000 எழுத்துகளுக்கான கீற்று வரிசையை நெறிமுறையாக வெளியிட்டது. 2021 மார்ச் முதல் 8,105 எழுத்துகளுக்கான புதிய நெறிமுறை நடைமுறைக்கு வந்தது. தைவானின் கல்வி அமைச்சகம் 1996-இல் தன் கையேட்டை வெளியிட்டது. ஜப்பான் இவற்றுக்கெல்லாம் முன்பாக 1958-இலேயே பள்ளிகளுக்கான வழிகாட்டி நூலைக் கொண்டு வந்தது.

இந்த நெறிமுறைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. நெல்வயலைக் குறிக்கும், நான்காகப் பிரிக்கப்பட்ட கட்டத்தில், சீனக் குழந்தை உள்ளே படுக்கைக் கோட்டை முதலில் இடுகிறது. ஜப்பானியக் குழந்தை நெடுங்கோட்டை முதலில் இடுகிறது. இரண்டும் ஒரே எழுத்து. ஜப்பானிய வழிகாட்டி நூல், தான் எடுத்துக் காட்டாத வரிசைகளைத் தவறென்று கருதவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆக, 'சரியான வரிசை' என்பது இயற்கை விதி போன்றதன்று. ஒரு சமூகம் தன் வசதிக்காகச் செய்துகொண்ட உடன்பாடு அது.

உடன்பாடுதானே என்று அதை அலட்சியப்படுத்த முடியாது என்பதைப் பழவேற்காட்டு மீனவர்கள் நன்கு அறிவார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்னும் ஏற்பாடு வழக்கில் இருந்து வருகிறது. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில், எந்த நாளில் எந்தக் குழு வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்வதே பாடு. இன்று இவர், நாளை அவர் என்ற வரிசையை மாற்றி அமைத்திருந்தாலும் ஏரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஒரு வரிசை என்று இருந்தாக வேண்டும். அது அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரைப் பார்த்து அந்த வரிசையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பெரியவர்கள் சொல்ல இளையவர்கள் கேட்டு நடப்பதால்தான் அது நிலைக்கிறது. எழுத்தின் வரிசையும் இத்தகையதே.

கையால் எழுதும் பயிற்சி வாசிப்புக்கு உதவுகிறதா என்பதை ஆய்வாளர்கள் பல கோணங்களில் சோதித்துள்ளனர். 2005-இல் பிரான்சில் 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் ஒரு பிரிவினர் கையால் எழுதியும், மற்றொரு பிரிவினர் விசைப்பலகையில் தட்டியும் எழுத்துகளைப் பயின்றனர். கையால் எழுதிய குழந்தைகளுள் வயதில் மூத்தவர்கள் எழுத்துகளைத் தெளிவாக இனங்கண்டனர். 2012-இல் அமெரிக்காவில் எழுதப் படிக்கத் தொடங்காத 5 வயதுக் குழந்தைகளின் மூளைச் செயல்பாட்டை ஆராய்ந்தபோது, தாமே எழுதிப் பார்த்த எழுத்துகளைக் காணும்போதுதான் வாசிப்புக்குரிய பகுதிகள் விழிப்படைவது தெரியவந்தது. சீனக் குழந்தைகளிடம் நடத்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, எழுதும் திறனுக்கும் வாசிக்கும் திறனுக்கும் வலுவான தொடர்பு இருப்பதைக் காட்டியது. கண் படிப்பதற்குக் கையும் துணை செய்கிறது.

இதன் மறுபக்கமும் சீனாவில் தெரிகிறது. கைப்பேசியிலும் கணினியிலும் ஒலியை உரோமன் எழுத்தில் தட்டினால் சீன எழுத்து தானே வந்து நிற்கிறது. விளைவு, படித்த பெரியவர்களே எழுதுகோலை எடுத்ததும் எழுத்து நினைவுக்கு வராமல் திகைக்கிறார்கள். 'எழுதுகோலை எடுத்தால் எழுத்து மறக்கிறது' என்ற பொருளில் ஒரு தொடரே அம்மொழியில் வழங்குகிறது. ஒலிவழித் தட்டச்சை அதிகம் பயன்படுத்தும் குழந்தைகளிடம் வாசிப்புத் திறன் குறைவாக இருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது.

தமிழுக்கு வருவோம். தமிழில் அடிப்படை வடிவங்கள் மிகச் சில. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, துணைக் குறியீடுகள் சில. இவற்றைக் கொண்டு 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். அதனாலேயே எழுதும் வரிசையைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. ஆனால் தமிழிலும் வரிசை உண்டு. அதற்கு வரலாறும் உண்டு.

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில், நீண்ட நேர்க்கோடுகள் ஓலையின் இழையைக் கிழிக்கும் என்பதால் வளைவுகள் மிகுந்தன. ஓலையில் பொத்தல் விழும் என்று புள்ளிகள் பெரும்பாலும் விடப்பட்டன. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் கூறியிருந்தும், சுவடிகளில் அதைக் காண்பது அரிது. தாளும் பேனாவும் வந்த பிறகே கை தயக்கமின்றிப் புள்ளி வைக்கத் தொடங்கியது. சீனருக்குத் தூரிகை செய்ததை நமக்கு எழுத்தாணி செய்திருக்கிறது.

ஓலைக்கு முன்பாகக் குழந்தை எழுதியது மணலில். திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து, எழுத்தை உரக்கச் சொல்லியபடியே மணலில் இழுப்பார். சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அனாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார், தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அந்த முறையைத் தம் இல்லத்திலும் கைக்கொண்டார். 1797-இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது இங்கிலாந்துக்குச் சென்று, 'மதராஸ் முறை' என்ற பெயரில் அங்கே ஏழைக் குழந்தைகளின் பள்ளிகளில் பரவியது. மணலில் எழுதிய எழுத்து அடுத்த நொடியே அழிக்கப்படும். எஞ்சி நிற்பது விரல் சென்ற வழி மட்டுமே. எழுதும் வரிசையைக் கற்பிக்க இதைவிட மலிவான, பொருத்தமான கருவி ஏதுமில்லை. பழவேற்காட்டில் மணலுக்குப் பஞ்சமும் இல்லை.

தமிழில் வரிசை எங்கே சிக்கலாகிறது என்பதை ஏரிக்கரைக் குழந்தைக்குத் தெரிந்த மீன்களின் பெயர்களைக் கொண்டே காணலாம். 'கொடுவா' என்று சொல்லும்போது முதலில் ககரம் ஒலிக்கிறது, பிறகே ஒகரம். எழுதும்போதோ முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், அதன்பின் துணைக்கால். ஒரே உயிரொலி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. 'கெளுத்தி'யில் பின்னால் ஒலிக்கும் எகரத்தின் கொம்பு முன்னால் எழுதப்படுகிறது. 'மடவை'யில் ஐகாரக் குறி வகரத்துக்கு முன்னால் வந்து அமர்கிறது. காது கேட்கும் வரிசை ஒன்று, கை எழுதும் வரிசை வேறொன்று. முதல் வகுப்புக் குழந்தை ஒலியை எழுத்துக் கூட்டி எழுத முயலும்போது ககரத்தை முதலில் எழுதிவிட்டு, கொம்புக்கு இடமின்றி நிற்பது இதனால்தான். அது குழந்தையின் அறிவுக்குறைவைக் காட்டுவதில்லை. ஒலியை அது சரியாகக் கேட்டிருக்கிறது என்பதையே காட்டுகிறது. அடுத்து வரும் உயிரை முன்கூட்டியே எண்ணிக் கொம்பில் தொடங்க வேண்டும் என்பதை யாராவது பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும்.

புள்ளிக்கும் இது பொருந்தும். மெய்யை எழுதியதும் புள்ளி வைப்பதா, சொல் முழுவதையும் எழுதிவிட்டுப் பின்னர் வரிசையாகப் புள்ளிகளை வைப்பதா? இரண்டாவது வழியில் வேகம் கூடும். ஆனால் புள்ளி விடுபடவும் இடம் மாறவும் வாய்ப்பு அதிகம். தமிழ் விடைத்தாள்களில் காணப்படும் பிழைகள் பலவும் அறியாமையால் வருபவை என்று நாம் எண்ணுகிறோம். அவற்றுள் சில, கை பழகிக்கொண்ட வரிசையால் வருபவையாக இருக்கலாம்.

கணினி இந்தச் சிக்கலில் மற்றொரு முடிச்சைப் போட்டிருக்கிறது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகையில் ககரத்தையும் ஒகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கொ' வந்துவிடும். அது ஒலியின் வரிசை, கணினிக்குப் பொருத்தமானது. இன்றைய குழந்தை, கைக்கு ஒரு வரிசையும் விசைக்கு மற்றொரு வரிசையுமாக இரண்டைக் கற்க வேண்டியிருக்கிறது. கற்றுக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் கையின் வரிசை முதலில் உறுதிப்பட வேண்டும். இல்லையேல் சீனாவில் பெரியவர்களுக்கு நேரும் திகைப்பு, இங்கே குழந்தைகளுக்கு நேரக்கூடும்.

எழுத்தில் அரசு தலையிடலாமா என்று கேட்கக்கூடும். தமிழகத்தில் அது ஏற்கெனவே நடந்திருக்கிறது. பெரியார் 1935-இல் தம் 'குடிஅரசு' இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகளை 1978-இல் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு ஏற்று ஆணையிட்டது. லை, னை போன்றவை அதுவரை யானைத் துதிக்கைபோல் வளைந்த தனிக் குறியோடு எழுதப்பட்டன. அந்த ஆணைக்குப் பிறகு பள்ளிக்குச் சென்ற கைகள் வேறு வழியில் நகரக் கற்றன. அரை நூற்றாண்டுக்குள் பழைய வடிவம் இளைஞர்களுக்கு அந்நியமாகிவிட்டது. முதல் வகுப்பில் எதைக் கற்பிக்கிறோமோ அதையே ஒரு தலைமுறை முழுவதும் எழுதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இதில் அவசரமும் இருக்கிறது. கரோனா தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் தமிழகத்தில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 19 மாதங்கள். அந்த மாதங்களில் முதல் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய குழந்தைகளுக்கு, பாடம் கைப்பேசித் திரையிலும் தொலைக்காட்சியிலும் வந்தது. எழுத்தின் வடிவத்தைத் திரை காட்டும். குழந்தையின் விரலைப் பிடிக்காது. அது தவறான இடத்தில் தொடங்குவதைக் கவனித்து நிறுத்தவும் செய்யாது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகில் அமர்ந்த குழந்தைகள் தப்பின. விடியலுக்கு முன்பே ஏரிக்கும் கடலுக்கும் செல்லும் தந்தையும், மீனை எடுத்துக்கொண்டு சந்தைக்குச் செல்லும் தாயும் உள்ள வீடுகளில் அந்த வாய்ப்பு அரிது. பள்ளிதான் அங்கே எழுதும் கையைக் குழந்தை பார்க்கும் இடம்.

இந்த இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். பாட்டு, ஆட்டம், அட்டைகள் எனக் கற்பித்தலை அது உயிர்ப்பாக்கியிருக்கிறது. அத்துடன், எழுதும் வரிசைக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை சிலவே. முதலாவதாக, உயிரும் மெய்யும் துணைக் குறியீடுகளும் எங்கே தொடங்கி எப்படி முடிய வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கையேட்டை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வெளியிட்டு, தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வழங்கலாம். பயிற்சி ஏடுகளில் அம்புக்குறிகள் இடம்பெறுகின்றன. ஆனால் அந்த வரிசை ஏன் என்பதை ஆசிரியர் அறிந்தால்தான் குழந்தைக்குச் சொல்ல முடியும். ஜப்பானியர்களைப் போல, பிற வழிகள் தவறல்ல என்ற குறிப்பையும் அதில் சேர்ப்பது நல்லது. அண்டை வீட்டுப் பாட்டி வேறு விதமாக எழுதினால் குழந்தை அவரைத் திருத்தக் கிளம்பக் கூடாது.

இரண்டாவதாக, குழந்தை எழுதி முடித்த ஏட்டைப் பார்த்துச் சிவப்பு மையால் திருத்துவதோடு நில்லாமல், அது எழுதும்போது பார்க்க வேண்டும். வரிசைப் பிழை ஏட்டில் தெரியாது. ஒரு வகுப்பில் நாளொன்றுக்கு ஐந்து குழந்தைகளின் அருகில் சில நிமிடங்கள் அமர்ந்தாலே இரண்டு வாரங்களில் எல்லோரையும் பார்த்துவிடலாம். கரும்பலகையில் எழுதும்போது ஆசிரியர் தம் கையை மறைக்காமல் ஒதுங்கி நின்று, ஒவ்வொரு கோட்டையும் வாயால் சொல்லியபடி எழுதினால் வகுப்பு முழுவதும் அந்த வழியைக் காணும்.

மூன்றாவதாக, தாளுக்கு முன் மணலும் காற்றும் வர வேண்டும். சீனக் குழந்தைகள் வகுப்பில் விரலால் காற்றில் எழுதிக் கீற்றுகளை எண்ணுகிறார்கள். நம் குழந்தைகள் ஒரு தட்டு மணலில் அதைச் செய்யலாம்.

எச்சரிக்கையும் வேண்டும். வரிசை என்ற பெயரில் குழந்தையை அதட்டுவதும் அடிப்பதும் எழுத்தின் மீதே வெறுப்பை உண்டாக்கும். இந்த விதிகளெல்லாம் வலக்கையால் எழுதுபவரை மனத்தில் வைத்து உருவானவை. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்குச் சில இடங்களில் அவை இடைஞ்சலாகும். அந்தக் குழந்தையின் கையை மாற்ற முயலாமல் வரிசையைச் சற்று நெகிழ்த்துவதே முறை. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வாழும் குழந்தைகள் இந்த ஏரிக்கரையில் உண்டு. அவர்களுக்கு ஒலியோடு எழுத்தும் புதிது என்பதால், கூடுதல் நேரம் தர வேண்டும்.

வலை பின்னும் மீனவர் தம் மகனுக்கு முடிச்சைக் கற்றுத்தரும்போது, பின்னி முடித்த வலையைக் கையில் கொடுத்து இதைப்போல் செய் என்று சொல்வதில்லை. பக்கத்தில் அமர்த்தி, நூல் எந்த வழியே உள்ளே போய் எந்த வழியே வெளியே வருகிறது என்று மெதுவாகக் காட்டுகிறார். தவறினால் அவிழ்த்து மறுபடியும் போடச் சொல்கிறார். எழுத்தையும் அப்படித்தான் தர வேண்டும். ஏரிக்கரைப் பள்ளியில் முதல் வகுப்புக் குழந்தை இந்த ஆண்டு கற்கும் வரிசை, அதன் வாழ்நாள் முழுவதும் அதன் கையில் இருக்கும். அருகில் அமர்ந்து அதைச் சொல்லித்தரச் சில மாதங்கள் போதும்.